புது மாடல் வருமுன் பழைய டேபை விற்பது எப்படி: குமரி மாவட்டத்துக்காரருக்கு ஒரு வழிகாட்டி

என் அக்கா மகன் 2024-இல் பிளஸ் டூ முடித்தான். அவன் படிக்க வைத்திருந்த ஐபேடை விற்றுக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பத்தாம் தலைமுறை, 64 ஜிபி, வைஃபை மட்டும். "இருக்கட்டும் மாமா, அவசரம் ஒண்ணும் இல்லல்லா" என்றான். நானும் அலமாரியில் வைத்துவிட்டேன். அடுத்த பிப்ரவரியில் சுங்கான்கடையில் இருந்து ஒரு கல்லூரி மாணவர் வந்து பார்த்து, 20,000 ரூபாய் தருகிறேன் என்றார். இன்னும் ரெண்டாயிரம் கேட்டு இழுத்தேன். மார்ச்சில் புது ஐபேட் வந்தது. அவரே போன் செய்தார்: "அண்ணே, புதுசே ரெண்டு மடங்கு மெமரியோட கிடைக்குது. இனி பதினஞ்சுக்கு மேல வேண்டாம்."

இடைப்பட்ட நாட்களில் எங்கள் டேபில் ஒரு கீறல்கூடக் கூடவில்லை. கடையில் இருந்த புது டேபின் விலைதான் மாறியிருந்தது. அதன் பிறகு சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று ஆறேழு பேருக்கு விற்றுக் கொடுத்துவிட்டேன். முதல் தடவை விற்பவர்களுக்காக, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் தேதி, பிறகுதான் விலை

நாம் என்ன விலைக்கு வாங்கினோம் என்பதை வாங்க வருபவர் கணக்கில் எடுக்கவே மாட்டார். அவர் பார்ப்பது ஒன்றுதான்: இன்று கடைக்குப் போனால் புதியது என்ன விலை? அந்தப் பத்தாம் தலைமுறை ஐபேட் 2022 அக்டோபரில் வந்தபோது 44,900 ரூபாய். 2024 மே மாதம் நிறுவனமே அதை 34,900 ஆக்கியது. 2025 மார்ச்சில் ஏ16 சிப்போடு அடுத்த மாடல் அதே 34,900-க்கு வந்தது, அதுவும் 64-க்குப் பதில் 128 ஜிபியோடு. ஒவ்வொரு படியிலும் பழையதை வைத்திருந்தவரின் கையிருப்பு ஒரே நாளில் குறைந்தது. பேரம் பேசி ஐந்நூறு, ஆயிரம் மீட்கலாம். தேதி தவறினால் போவது அதைப் போலப் பல மடங்கு.

சரி, புது மாடல் எப்போது வரும்? இந்தக் கேள்வியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரண ஐபேட் 2019, 2020, 2021 மூன்று வருடமும் செப்டம்பரில் வந்தது, 2022-இல் அக்டோபரில். அதைப் பார்த்து 2023 செப்டம்பருக்குள் விற்றுவிட வேண்டும் என்று அடித்துப் பிடித்தவர்களும் உண்டு. 2023 முழுக்க ஒரு ஐபேடும் வரவில்லை. சாம்சங்கில் கேலக்ஸி டேப் எஸ்8 வந்தது 2022 பிப்ரவரியில், எஸ்9 2023 ஜூலையில், எஸ்10 2024 செப்டம்பரில், எஸ்11 2025 செப்டம்பரில். இடைவெளி ஒரே சீராக இல்லை. அதனால் வதந்தியை நம்பித் தேதி குறிக்க வேண்டாம். உங்கள் மாடல் வந்து ஒன்றரை வருடம் தாண்டிவிட்டதா, ஆன்லைன் கடைகளில் அதன் நிறங்கள் ஒவ்வொன்றாக 'ஸ்டாக் இல்லை' என்று காட்டத் தொடங்கிவிட்டதா, இந்த இரண்டையும் பாருங்கள். இரண்டும் சேர்ந்தால் இனிக் காத்திருக்க வேண்டாம்.

இன்னொரு தேதியை நம் ஆட்கள் கவனிப்பதே இல்லை. ஆப்பிள் ஒவ்வொரு ஜூன் மாதமும் அடுத்த மென்பொருளை அறிவிக்கும்போதே, எந்தெந்தப் பழைய ஐபேடுக்கு அது கிடையாது என்ற பட்டியலும் வந்துவிடும். 2025 ஜூனில் ஐபேட்ஓஎஸ் 26 அறிவிக்கப்பட்டபோது, 2019-இல் வந்த ஏழாம் தலைமுறை அந்தப் பட்டியலில் விழுந்தது. மென்பொருள் வெளியானது செப்டம்பரில். ஜூனுக்கும் செப்டம்பருக்கும் நடுவே மூன்று மாதம் கிடைத்தது. 'அப்டேட் வராது' என்று பரவலாகத் தெரிந்துவிட்டால் அந்த டேபை யூடியூப் பார்க்க மட்டும் கேட்பார்கள், விலையும் அதற்கேற்பத்தான் இருக்கும்.

இவற்றோடு நம் மாவட்டத்தின் நாட்காட்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓணத்துக்குத் திருவனந்தபுரத்துக் கடைகளிலும் மார்த்தாண்டத்திலும் ஆஃபர் தொடங்கும். அது ஓயுமுன் தீபாவளிக்கு முந்தைய ஆன்லைன் பெருவிற்பனைகள் வந்துவிடும். அந்த இரண்டு, மூன்று மாதங்களில் புதியதே மலிவாகக் கிடைப்பதால் பழையதைக் கேட்க ஆள் குறைவு. மே கடைசியிலிருந்து ஜூன் முழுக்க நிலைமை தலைகீழ். பள்ளிக்கூடம் திறக்கும், கல்லூரிச் சேர்க்கை நடக்கும், கோச்சிங் வகுப்பு தொடங்கும். "பிள்ளைக்கு ஒரு டேப் வேணும், புதுசு வாங்க முடியாது" என்று கேட்டு வருபவர்கள் அப்போதுதான் அதிகம். என்னைக் கேட்டால், விற்க நினைப்பவர் ஜூன் 15-க்குள் விற்றுவிடுவது நல்லது. பெரும்பாலான வருடங்களில் புது மாடல்கள் அதற்குப் பிறகே வருகின்றன.

பழையதை விற்றுவிட்டுப் புதியது வரும்வரை என்ன செய்வது என்பது நியாயமான கவலை. வகுப்பு நடக்கும் காலம் என்றால் பிள்ளையின் படிப்பைக் கெடுத்து விற்காதீர்கள். விடுமுறையில் விற்றுவிட்டு ஒரு மாதம் போனை வைத்துச் சமாளிக்க முடியுமா என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். முடியாது என்றால், விலை குறைந்தாலும் பரவாயில்லை, வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருப்பதை வெளிச்சத்தில் பாருங்கள்

எங்கள் வீடு மணவாளக்குறிச்சிப் பக்கம். கடலில் இருந்து நடக்கும் தூரம். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், மின்விசிறியின் மூடி எல்லாவற்றையும் உப்புக்காற்று தின்னும். டேபில் அது முதலில் உட்காருவது சார்ஜ் போடும் துளையில். போன வருடம் குளச்சலில் ஒரு சகோதரியின் டேபைப் பார்க்கப் போனேன். வெளியே பளபளவென்று இருந்தது. போன் டார்ச்சை அடித்துத் துளைக்குள் பார்த்தால், நடுவில் நிற்கும் அந்தச் சின்ன நாக்கின் ஓரத்தில் பச்சை பூத்திருந்தது, பழைய செம்புக் குடத்தின் கழுத்தில் படிவது போல. ஒயரைச் செருகினால் சார்ஜ் ஏறும். லேசாக அசைத்தால் நிற்கும். "அத அப்படியே பிடிச்சு வெச்சா ஏறும் கேட்டியளா" என்று அவர் வெள்ளந்தியாகத்தான் சொன்னார். வாங்க வருபவர் அதைப் பார்த்த நிமிடமே பேச்சு முடிந்துவிடும். நாகர்கோவிலில் ஒரு சர்வீஸ் கடையில் அந்தத் துளையை மாற்றிய பிறகே விளம்பரம் போட்டோம். செலவான பணத்தைவிடக் கூடுதலாகவே விலையில் திரும்பக் கிடைத்தது.

துளையில் வெறும் தூசியும் பஞ்சும்தான் என்றால் டேபை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெல்ல எடுங்கள். ஊசி, ஊக்கு வேண்டாம். ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஸ்பீக்கர் துளைகளிலும் இதே வேலை இருக்கும். அந்தக் காற்று அடிக்கும் தூசி அவ்வளவு. திரையைத் துடைக்க 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் துடைப்பான் போதும். தண்ணீரும் சோப்பும் கண்ணாடி துடைக்கும் நீல திரவமும் வேண்டாம். உடைந்த டெம்பர் கிளாஸை உரித்துவிடுங்கள். அடியில் இருக்கும் திரை நன்றாக இருந்தால் அதைக் காட்டுவதே நல்லது.

டேபைச் சமதளமான மேசையில் குப்புற வைத்து ஒரு மூலையை அழுத்துங்கள். ஆடினாலோ, திரை ஓரம் பிளந்து ஒளி கசிந்தாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். இதை மறைத்து விற்பது பெரிய தவறு. உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். அதை வாங்கும் வீட்டிலும் குழந்தைகள் இருப்பார்கள். முதலில் பேட்டரியை மாற்றுங்கள், அல்லது உள்ளதைச் சொல்லிப் பழுது பார்க்கும் கடைக்கே கொடுத்துவிடுங்கள்.

வளைகுடாவிலிருந்து வந்த டேப் நம் ஊரில் நிறைய. அதன் சார்ஜரில் மூன்று சதுர முள் இருக்கும், நம் பிளக் பாயின்டில் ஏறாது. பெட்டியோடு அதையும் கொடுங்கள், கூடவே இங்கே ஏறும் நல்ல சார்ஜர் ஒன்றையும் வையுங்கள். 'வெளிநாட்டில் வாங்கியது' என்பதை விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். கடைசி நேரத்தில் தெரிந்தால், நேர்மையான ஆள்கூடத் திருட்டுப் பொருளோ என்று சந்தேகப்படுவார்.

விலை போடும் முறை

நான் செய்வது இதுதான். அதே மாடல், அதே ஜிபி, இன்று புதிதாக என்ன விலை என்று இரண்டு இடங்களில் பார்ப்பேன். பிறகு ஓஎல்எக்ஸில் நாகர்கோவில், திருவனந்தபுரம் இரண்டிலும் அதே டேபுக்கு என்ன கேட்கிறார்கள் என்று பார்ப்பேன். அவை கேட்கும் விலைகள். கைமாறும் விலை அதைவிடக் குறைவு. பல வாரமாக அப்படியே கிடக்கும் விளம்பரங்களை ஒதுக்கிவிடுவேன், அந்த விலைக்கு ஆள் இல்லை என்றுதானே அர்த்தம். மிச்சத்தில் குறைந்த ஒன்றை எடுத்து, பேரத்துக்காக ஆயிரம் கூட்டிப் போடுவேன். மனதுக்குள் ஒரு அடிமட்ட விலையை முடிவு செய்து வீட்டிலும் சொல்லிவைப்பேன். அதற்கு மேல் யார் கேட்டாலும் அன்றே கொடுத்துவிடுவது. சுங்கான்கடை மாணவரிடம் நான் செய்யாமல் விட்டது இதைத்தான்.

எங்கே விற்பது என்பதும் விலையோடு சேர்ந்ததே. கடையிலோ ஆன்லைனிலோ எக்ஸ்சேஞ்ச் கொடுத்தால் அலைச்சல் இல்லை, ஆனால் விலை குறையும். வீட்டுக்கு வந்து பார்ப்பவர் கீறலைக் காட்டி இன்னும் குறைக்கலாம். பழைய கருவிகளை வாங்கும் கேஷிஃபை போன்ற நிறுவனங்களும் இதே வகை. நேரடியாக ஓர் ஆளுக்கு விற்றால்தான் நல்ல விலை. எனக்கு அதிகம் கைகொடுத்தது குடும்ப வாட்ஸ்அப் குழுவும் கோயில் குழுவும் தெருக்குழுவும்தான். அறிந்தவர் அறிந்தவருக்குச் சொல்லி வரும் ஆளிடம் ஏமாற்று குறைவு. நமக்கும் பொய் சொல்லத் தோன்றாது. ஞாயிற்றுக்கிழமை அதே முகத்தில் விழிக்க வேண்டுமே.

படம் எடுப்பதற்குக் காலை வெளிச்சம் போதும். திண்ணையில் வெள்ளைத் துணி விரித்து, திரையை அணைத்து ஒன்று (கீறல் தெரியும்), வெள்ளைப் பக்கம் திறந்து ஒன்று (புள்ளி, கறை தெரியும்), நான்கு மூலைகள், சார்ஜ் துளை, முதுகு, பெட்டி, பில். பில்லில் உங்கள் முகவரி, போன் எண், டேபின் சீரியல் எண், சிம் போடும் டேபின் அடையாளமான ஐஎம்இஐ எண் எல்லாவற்றையும் மறைத்துவிட்டுப் போடுங்கள். கீறல் இருந்தால் அதற்குக் கிட்டத்தில் ஒரு படம் வைத்து, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள். அளவு புரிந்துவிடும், நேரில் வந்து பேரம் பேச அது காரணமாகாது.

கணக்குகளை நீக்குதல்: இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மகளுக்காகப் பழைய ஐபேட் வாங்கினார்கள். விற்றவர் விடுமுறைக்கு வந்தவர். அதே வாரம் மஸ்கட்டுக்குத் திரும்பிவிட்டார். 'எல்லாம் அழிச்சுட்டேன்' என்றுதான் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து திறந்தால் ஹலோ என்ற வரவேற்பு வந்தது, மொழி கேட்டது, வைஃபை கேட்டது, அதன் பிறகு பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கையும் கடவுச்சொல்லையும் கேட்டு அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பெண் இரவு பத்தரை மணிவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அவரைப் போனில் பிடித்து, அங்கிருந்தே ஐகிளவுட் இணையதளத்தில் நுழைந்து, அவருடைய சாதனப் பட்டியலில் இருந்து இந்த ஐபேடை நீக்கச் சொன்னோம். இரண்டே நிமிடத்தில் திறந்தது. அவர் போன் எடுத்ததால் தப்பித்தோம். எடுக்காமல் இருந்திருந்தால் கொடுத்த காசு போனதுதான்.

ஆகவே வரிசை மாறக் கூடாது. புகைப்படங்கள், பாட நோட்டுகள், வாட்ஸ்அப், ஓடிபி தரும் செயலிகள் எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்றி, மாற்றியது உண்மையில் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வங்கிச் செயலி, டிஜிலாக்கர் இருந்தால் ஒவ்வொன்றிலும் லாக் அவுட். சிம், மெமரி கார்டு இரண்டையும் கழற்றுங்கள். டேபை அழித்தாலும் மெமரி கார்டில் இருப்பது அழிந்துவிடாது. குடும்பப் படங்கள் அதில்தான் கிடக்கும்.

ஐபேட் என்றால்: செட்டிங்ஸ், மேலே உங்கள் பெயர், தொலைந்த கருவியைக் கண்டுபிடிக்க உதவும் ஃபைண்ட் மை என்பதை அணைத்தல், சைன் அவுட். பிறகே ஜெனரல், டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட் ஐபேட், எரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ். ஆப்பிள் பென்சிலைத் தனியாக வைத்துக்கொள்வதானால் அதன் இணைப்பையும் முன்பே துண்டியுங்கள்.

ஆண்ட்ராய்டு டேப் என்றால்: அக்கவுண்ட்ஸ் பகுதியில் கூகுள் கணக்கை நீக்குங்கள், சாம்சங்கில் சாம்சங் கணக்கையும். ஒரே டேபில் பிள்ளையின் கணக்கு, உங்கள் கணக்கு, பள்ளி கொடுத்த கணக்கு என்று மூன்று இருக்கும். எல்லாம் போக வேண்டும். திரைப் பூட்டையும் எடுத்துவிட்டு, செட்டிங்ஸ் வழியாகவே ஃபேக்டரி டேட்டா ரீசெட் கொடுங்கள். பட்டன்களை அழுத்திப் பிடித்து ரெக்கவரி வழியாக அழித்தால், திருட்டைத் தடுக்கும் பூட்டு விழுந்து பழைய கூகுள் கணக்கைக் கேட்கும். பாஸ்வேர்டு மறந்துபோய்க் குறுக்கு வழியில் அழித்தவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். மறந்திருந்தால் முதலில் கணக்கை மீட்டெடுங்கள்.

அழித்தபின் யாராவது படங்களைத் தோண்டி எடுத்துவிடுவார்களோ என்று பெண்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். ஐபேடிலும் அண்மைக்கால ஆண்ட்ராய்டு டேப்களிலும் உள்ளிருப்பவை பூட்டுமொழியில் (என்கிரிப்ஷன்) சேமிக்கப்படுகின்றன. முறையாக அழிக்கும்போது அதன் சாவியே அழிந்துபோகும். சாவி இல்லாமல் மிச்சம் வெறும் குப்பை. ஆகவே நிம்மதியாகக் கொடுக்கலாம், மெமரி கார்டை மட்டும் மறக்காதீர்கள்.

சிம் போடும் டேப் என்றால் அதன் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, அந்த எண், இப்படி 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்தக் கருவி சரியானதா, முடக்கப்பட்டதா என்று பதில் வரும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் இதே வசதி உண்டு. வாங்குபவர் கண் முன்னால் செய்து காட்டினால் அவருடைய பாதி சந்தேகம் தீரும்.

கைமாறும் நாள்

வீட்டு முகவரி கொடுக்காதீர்கள். வடசேரி பஸ் நிலையத்துப் பக்கம், மணிமேடை, மார்த்தாண்டம் பஸ் நிலையம் என்று ஆள் நடமாட்டம் உள்ள இடம், பகல் நேரம். ஒரு டீக்கடையில் உட்கார்ந்தால் நல்லது, அரை மணி நேரம் ஆகும். டேபில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கட்டும். உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்து, வாங்குபவரையே முதலிலிருந்து திறக்கச் சொல்லுங்கள். அவருடைய கணக்கு உள்ளே ஏறி முகப்புத் திரை வந்துவிட்டால், பூட்டு இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கேமரா, ஸ்பீக்கர், திரையின் நான்கு மூலைகளிலும் டச், சார்ஜ் ஏறுவது, எல்லாவற்றையும் அவர் பார்க்கட்டும். அவசரப்படுத்த வேண்டாம்.

பணம் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறியதை உங்கள் போனில் நீங்களே பார்த்த பிறகே டேப் கை மாற வேண்டும். அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டும், வந்த எஸ்எம்எஸ்ஸும் போதாது. இரண்டையும் போலியாகச் செய்யலாம். யூபிஐ புதிதாகப் பதிந்தவருக்கு முதல் 24 மணி நேரம் 5,000 ரூபாய் வரைதான் போகும். அப்படிச் சொன்னால் அது உண்மையாக இருக்கலாம். மிச்சத்தை ரொக்கமாகக் கேளுங்கள், இல்லையேல் மறுநாள் வாருங்கள் என்று சொல்லுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நேரில் வராமல், 'நான் ராணுவத்தில் இருக்கிறேன், அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க' என்று யார் பேசினாலும் போனை வைத்துவிடுங்கள். நமக்குப் பணம் வருவதற்கு நாம் ஸ்கேன் செய்ய வேண்டியதே இல்லை, பின் நம்பரும் போட வேண்டியதில்லை. பின் நம்பர் கேட்டால் பணம் நம் கணக்கிலிருந்து போகிறது என்று பொருள். தவறிப் போட்டுவிட்டால் வெட்கப்படாமல் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் வேறு கணக்குகளுக்குத் தாவும்.

கடைசியாக ஒரு வெள்ளைத்தாள். தேதி, மாடல், சீரியல் எண், சிம் உள்ளதானால் ஐஎம்இஐ, தொகை, இரண்டு பேரின் பெயர், போன் எண், கையெழுத்து. இரண்டு பிரதி. அசல் பில்லை அவருக்குக் கொடுத்து, அதன் படத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நாளை அந்த டேப் வேறு கைக்குப் போய் ஏதாவது வம்பில் சிக்கினால், எந்தத் தேதியில் யாரிடம் கொடுத்தோம் என்று காட்ட உங்களிடம் இருப்பது அந்தத் தாள்தான்.

வீட்டுக்கு வந்ததும் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கின் சாதனப் பட்டியலில் அந்த டேப் இன்னும் நிற்கிறதா என்று பார்த்து நீக்குங்கள். வாட்ஸ்அப்பில் இணைத்த சாதனங்களையும் ஒரு முறை பாருங்கள். விளம்பரத்தையும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரு வாரத்துக்கு போன் வந்துகொண்டே இருக்கும்.